பேரேட்டில் இல்லாத பிள்ளைகள்

திருவண்ணாமலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் 217 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுகிறோம். சுவர்களை யார் பார்க்கிறார்கள்? அடுத்த முறை போகும்போது பாருங்கள், நேயர்களே. கல்லெல்லாம் எழுத்து! இன்னார் நிலம் விட்டார், இன்னார் விளக்கு வைத்தார் என்று சோழர் காலத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு என்பது அந்நாளைய வழக்கமான கணக்கு. ஆட்டைக்கூட எண்ணிக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் நம் முன்னோர்கள். நாம் எண்ணாமல் விட்டிருக்கும் சில பிள்ளைகளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

சென்ற பௌர்ணமிக்கு மறுநாள், ஆயிரங்கால் மண்டபத்துக்கு அருகே எட்டு வயதுப் பையன் ஒருவன் தரையிலிருந்து எழுந்ததைப் பார்த்தேன். எழுந்த விதம்தான் என்னை நிறுத்தியது. முதலில் நாலு காலில் நின்றான். பிறகு முழங்காலில் கையை ஊன்றி, அப்புறம் தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேல் தானே ஏறுகிறவன் போல் நிமிர்ந்தான். கெண்டைக்கால் மட்டும் பயில்வானுடையது மாதிரி பருத்திருந்தது. பக்கத்தில் தாயார், மடியில் ஒரு கனத்த பிளாஸ்டிக் பை. பை நிறைய ஆஸ்பத்திரிக் காகிதங்கள்.

"ஓடமாட்டான், படி ஏறமாட்டான். இஸ்கூல்ல சோம்பேறின்னு உக்கார வெச்சாங்க சார். அப்புறம்தான் வியாதின்னு தெரிஞ்சுது" என்றாள்.

1860-களில் பிரெஞ்சு வைத்தியர் டூஷேன் விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்கும் தசைச் சிதைவு நோய் அது. சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. 'டிஸ்ட்ரோஃபின்' என்ற புரதத்தைச் செய்யும் மரபணு பழுதாகிவிடுவதால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பெரும்பாலான பிள்ளைகள் பதின்மூன்று வயதுக்குள் நடை இழக்கிறார்கள். பிறகு மூச்சும் இதயமும் தளர்கின்றன. அடியோடு தீர்க்கும் மருந்து இதுவரை இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையும் மூச்சுக்குத் துணை செய்யும் கருவியும் ஆயுளை நீட்டியிருக்கின்றன.

அந்தத் தாயிடம் யாரோ ஒரு டாக்டர், "நோயாளிகள் பதிவேட்டில் பையன் பெயரைச் சேர்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். அவள் மறுத்துவிட்டாள். "பெரிய பொண்ணுக்குப் பதினாறு ஆவுது. பேரை எங்கியோ எழுதி வெச்சுட்டா நாளைக்கு வரன் வருமா, சொல்லுங்க?"

நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். நம் ஊரில் கல்யாணச் சந்தை எப்படி என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பதிவேட்டில் என்னதான் எழுதுகிறார்கள் என்று அவளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அதுதான் என் ஆற்றாமை.

பையன் எந்த வயதில் நடை இழந்தான், என்ன மருந்து சாப்பிடுகிறான், இதயம் எப்படி, மூச்சு எப்படி, இவற்றோடு மரபணுவில் பழுது எந்த இடத்தில் என்பதையும் குறிப்பார்கள். ஆராய்ச்சிக்காரர் கைக்குப் போகும்போது பெயர் இராது, ஒரு குறியீட்டு எண்தான் இருக்கும். பெற்றோர் கையெழுத்திட்டுச் சம்மதம் தர வேண்டும். வேண்டாமென்றால் பின்னால் விலகிக்கொள்ளலாம்.

பழுது எந்த இடம் என்பதில் அப்படி என்ன இருக்கிறது? அந்த மரபணுவில் 79 துண்டுகள் உண்டு. 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'எடிப்ளிர்சென்' என்ற மருந்து, 51-ஆம் துண்டைத் தாண்டிப் படித்தால் பயன் கிடைக்கக் கூடியவர்களுக்கு மட்டுமே உரியது. நூற்றில் சுமார் 13 பேர். (அதன் பலனைப் பற்றி நிபுணர்களிடையே இன்னும் விவாதம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) அந்தப் பதின்மூன்று பேரை எங்கே தேடுவது? ஊர் ஊராகத் தண்டோரா போடவா முடியும்! இதற்காகவே 2007-ல் ஐரோப்பாவில் 'ட்ரீட்-என்.எம்.டி.' என்ற அமைப்பு தோன்றிப் பல தேசத்துப் பதிவேடுகளை இணைத்தது. இந்தியாவில் 2017-ல் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அபூர்வ நோய்களுக்குத் தேசியப் பதிவேடு தொடங்கியது. மத்திய அரசின் 2021-ஆம் வருஷத்து அபூர்வ நோய்க் கொள்கை டூஷேன் நோயை வைத்திருக்கும் பிரிவு எது தெரியுமா? சிகிச்சைச் செலவு மிக அதிகம், நீண்ட நாள் கவனித்த விவரமோ போதவில்லை என்ற பிரிவு. விவரம் எங்கிருந்து வரும்? இந்தப் பிள்ளைகளிடமிருந்துதானே வரவேண்டும்?

தசைச் சிதைவு நோயாளிகளுக்குத் தமிழக அரசு மாதாந்தரப் பராமரிப்புத் தொகை தருகிறது. அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஒரு ஜாபிதா உண்டு, நல்ல காரியம். ஆனால் அது பணம் யாருக்கு என்று சொல்லும் ஜாபிதா. எத்தனையாவது துண்டில் பழுது என்று அதற்குத் தெரியாது.

இனி அந்தப் பெண்ணின் விஷயம். இந்தப் பழுது தாய் வழியாக வரலாம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களில் தாயிடம் ஏதும் இல்லாமல் புதிதாகவும் தோன்றும். தாயிடம் இருந்தால் மகள் அதைச் சுமப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று அத்தை வீட்டையும் மாமன் வீட்டையும் ஏசுவது இந்த நோயைப் பொறுத்தவரை வீண் பழி. (வேறு சில தசை நோய்களில் அந்தப் பேச்சுக்கு நியாயம் உண்டு.) தம்பியின் பழுது எந்த இடம் என்று தெரிந்துவிட்டால், அக்காள் வயது வந்தபின் தன் சம்மதத்தோடு ரத்தம் கொடுத்து, தனக்கு உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம். இல்லையென்றால் நிம்மதி. உண்டென்றால் இதயத்தை அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ளலாம், கர்ப்ப காலத்தில் முன்கூட்டிச் சோதிக்கலாம். மறைத்து வைத்தால் இந்த வழிகளெல்லாம் அவளுக்கே மூடிப்போகின்றன.

கோயமுத்தூரில் எம்.டி.சி.ஆர்.சி. என்று சுருக்கமாக வழங்கும் நிலையம், இந்நோய்க் குடும்பங்களுக்கு மரபணுச் சோதனையும் ஆலோசனையும் அளித்து வருகிறது. ஆனால் முதல் படிக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. உங்கள் தெருவில் எந்தப் பையனாவது அடிக்கடி விழுந்து, தொடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், அவனைச் சோம்பேறி என்று வையாமல் டாக்டரிடம் அழைத்துப் போய், "சி.கே. ரத்தச் சோதனை செய்யலாமா?" என்று கேளுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும்.