பதினெட்டு சென்டிமீட்டர் அம்பாசிடர்

அசல் அம்பாசிடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர். 24-ஆல் வகுத்தால் 18 சென்டிமீட்டர். கணக்கு அவ்வளவுதான். மீதியெல்லாம் உப்புத்தாள்.

அப்பா ஓட்டியது கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை டாக்ஸி. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு போட்டோ, அதுவும் வலது பக்கம் மட்டும். அதை வைத்து அளவெடுத்து 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டினேன். வெட்டிய பிறகுதான் உறைத்தது: 1 மி.மீ. என்றால் அசலில் 24 மி.மீ. தகரம். அம்பாசிடர் கனம்தான், அதுக்காக யுத்த டாங்கியா? ஜன்னல் விளிம்புகளை உள்பக்கமாகத் தேய்த்து மெலிதாக்கவே நாலு ஞாயிறு போனது. பானெட்டின் உப்பலுக்கு எம்சீல். பிசைந்து அப்பி, காய்ந்ததும் தேய்த்து, கோணல் என்று தெரிந்து மறுபடி அப்பி... மூன்று முறை.

அப்பாவுக்குச் சர்க்கரையில் பார்வை மங்கிவிட்டது. வண்டியை விற்ற நாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பெயின்ட் அடிப்பதற்கு முன் அவர் கையில் கொடுத்தேன். மடியில் வைத்து மெதுவாகத் தடவினார்.

"பானெட் சரியா வந்திருக்குடா. டயர்தான் கொஞ்சம் பெருசு."

இடது பின்கதவில் விரல் நின்றது.

"இங்க இருந்த ஒடுக்கு எங்க?"

பத்து வயதில் அதில் சைக்கிளை மோதிவிட்டு, ஸ்டாண்டில் யாரோ இடித்திருப்பார்கள் என்று சொன்னவன் நான்.

"போட்டோவுல அந்தப் பக்கம் தெரியலப்பா."

"உனக்குத் தெரியாதாக்கும்" என்றார்.

அன்று ராத்திரி ஸ்பூனைச் சூடாக்கி அந்தக் கதவில் அழுத்தினேன். கொஞ்சம் ஆழமாகிவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.