மொட்டை சேஸும் ராஜ்கோட் ராஜா வண்டியும்

பந்தல்குடியில் மண்ணுக்கு இரண்டு நிறம். மேலே கரிசல், தோண்டினால் வெளுத்த சுண்ணாம்புக்கல். கரிசலை நம்பிப் பருத்தியும் கம்பும் மல்லியும் விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். கல்லை நம்பியவர்கள் லாரியைப் பார்த்தார்கள். விருதுநகர் பக்கம் ஆர்.ஆர். நகரில் இருக்கும் ராம்கோ சிமெண்ட் ஆலைக்கு எங்கள் ஊர்க் கல் போனது. ரோட்டோரத்து டீக்கடைக் கூரை, வேப்ப மரம், வெளியே காயப்போட்ட வேட்டி எல்லாவற்றின் மேலும் அந்த வெள்ளைத் தூசி படிந்திருக்கும். மழை என்று ஒன்று பெய்தால்தான் வேப்ப மரம் பச்சை என்பதே ஞாபகம் வரும்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போகிற ரோடு அது. எழுபதுகளில் எங்கள் பையன் கூட்டத்துக்கு அதைவிடப் பெரிய சினிமா கிடையாது. கல் லாரி, உப்பு லாரி, பஞ்சு மூட்டை லாரி என்று எல்லாம் வரும். ஆனால் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடியது வரிசையாக வரும் மொட்டை சேஸுக்குத்தான். கதவு, கூரை, முன்கண்ணாடி ஒன்றும் இருக்காது. இரண்டு நீள இரும்புச் சட்டம், எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங் அவ்வளவுதான். ஜாதிக்காய்ப் பெட்டிப் பலகையைக் கயிற்றால் கட்டி, அதன் மேல் டிரைவர் உட்கார்ந்திருப்பார். தலையும் மூக்கும் வாயும் துண்டுக்குள், கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. டீக்கடையில் இறங்கித் துண்டை அவிழ்த்தால் நெற்றி ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம்.

அந்தச் சேஸைத் தடவிப் பார்க்க எங்களோடு வரும் ஒரே பெரிய மனிதர் ஆசாரி தாத்தா. மாட்டு வண்டிப் பட்டறை வைத்திருந்தார். கருவேல மரத்தில் குடம் கடைந்து, ஆரக்கால் அடித்து, வட்டை பூட்டி, எருவாட்டி நெருப்பில் பழுக்கக் காய்ந்த இரும்புப் பட்டையைச் சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார். புஸ்ஸென்று ஆவி கிளம்பும்போது மரம் முனகும். அந்த முனகல் சத்தத்தை வைத்தே பட்டை சரியாக உட்கார்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். வாலிபத்தில் சென்னைக்குப் போய், மவுண்ட் ரோட்டுப் பக்கம் மோட்டாருக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் மரவேலை பார்த்தவர்.

“வெள்ளைக்காரன் வெறும் எலும்பைத்தான் செய்வான் அப்பு, சதையை வேற ஆளுதான் வைக்கணும்” என்பார். “ராஜாமாரு ஏறுற ரோல்ஸ் ராய்ஸும் இப்படித்தான் மொட்டையா நிப்பான். நீங்க என்னமோ லாரிக்குத்தான் பாடி கட்டுவாகன்னு நினைக்கீக.”

அவர் சொன்னது கதையல்ல. இரண்டாம் உலகப் போர் வரைக்கும் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி சேஸும் எஞ்சினும் மட்டுமே செய்து விற்றது. வாங்கியவர் அதை பார்க்கர், ஹூப்பர், த்ரப் அண்ட் மேபர்லி போன்ற பாடி கட்டுபவர்களிடம் ஒப்படைப்பார். அங்கே ஆஷ் மரத்தில் கூடு அடித்து, அலுமினியத் தகட்டைக் கையாலேயே தட்டி வளைத்துப் போர்த்துவார்கள். சாய்மானம் எவ்வளவு, கோஷா பெண்கள் உட்காரும் பக்கத்துக் கண்ணாடி எவ்வளவு கறுப்பு என்பதெல்லாம் வாங்குபவர் இஷ்டம். அதனால்தான் ஒரே வருஷத்து இரண்டு வண்டிகள் அண்ணன் தம்பி மாதிரிகூட இருக்காது. சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்சன் கம்பெனியும் குதிரைக் கோச்சு கட்டிப் பழகிய பிறகே மோட்டாருக்கு வந்தது. அங்கே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் நீராவிக் கார் ஒன்றையே செய்து ஓட்டினார். சாரட்டு செய்த கைதான் காருக்கும் பாடி கட்டியது. மாட்டு வண்டி ஆசாரி ஒருவர் பட்டணத்துக்குப் போய் அந்த வேலையில் நுழைந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆஷ் மரத்தின் மேல் மட்டும் தாத்தாவுக்கு மரியாதை கிடையாது. “குளிர் ஊரு மரம். நம்ம வெயிலுக்குச் சுருங்கும், மூட்டு விடும், கதவு கடகடங்கும்.” பிரித்துப் போட்டுத் தேக்கில் மறுபடி கூடு அடித்த வண்டிகளைப் பற்றி, பெற்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்.

பின்னாளில் ராஜ்கோட் ராஜாவின் வண்டியைப் பற்றிப் படித்தபோது இவர் நினைப்புத்தான் வந்தது. 1934-ஆம் வருஷத்து ஃபேண்டம் 2 கான்டினென்டல். த்ரப் அண்ட் மேபர்லி கட்டிய திறப்புக் கூரைப் பாடி, காவி நிறம், பளபளக்கும் அலுமினிய பானெட், ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும் விளக்குகள். ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ என்று அதற்குப் பெயர். ஆறு சிலிண்டர், 7,668 சி.சி. எஞ்சின். எங்கள் ஊர்க் கல் லாரிகளின் எஞ்சினே இதைவிடச் சின்னது. அறுபதுகளில் அந்த வண்டி நாட்டை விட்டுப் போயிற்று. சமஸ்தானங்கள் போய், வருமானம் சுருங்கி, ராஜாக்கள் வண்டிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்ட காலம் அது. 2010-இல் ஏலத்துக்கு வந்தபோது ராஜ்கோட் குடும்பத்து வாரிசே அதைத் திரும்ப வாங்கினார். எத்தனையோ வண்டிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எங்கள் பக்கத்து ஜமீன்களுக்கு 1948-ஆம் வருஷத்து ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே யுத்தம் பெரிய வண்டிகளின் வாயைக் கட்டிவிட்டது. பெட்ரோல் ரேஷன் ஆனதும் டி.வி.எஸ். செய்துகொடுத்த கரி கேஸ் பிளாண்ட்டைப் பின்னால் மாட்டிக்கொண்டு பஸ்கள் புகை கக்கி ஓடின. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடினாலே பெரிசு என்கிற அரண்மனை வண்டிகள் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்தன. ஆசாரி தாத்தா ஊர் திரும்பியதும் அப்போதுதான். பட்டணத்தில் வேலை இல்லை, இங்கே வண்டிச் சக்கரத்துக்கு வேலை இருந்தது. டயர் வண்டி வந்ததும் அதுவும் போயிற்று. கடைசியில் கல் லாரிகளின் பின்பக்கப் பலகையை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பலகைக்கும் இழைப்புளி பிடித்து, சந்தில் நகம் நுழையாமல் பொருத்துவார். “கல்லு ஏத்துற வண்டிக்கு எதுக்கு இம்புட்டு?” என்று டிரைவர்கள் சலித்துக்கொள்வார்கள். கூலி பேரம் நடக்கும்போது மட்டும் அவருக்குக் காது கேட்காது.

இப்போது அந்தப் பக்கம் நான்குவழிச் சாலை. லாரிப் பாடி கட்ட நாமக்கல், சங்ககிரி என்று போகிறார்கள். மொட்டை சேஸ் அபூர்வமாகிவிட்டது, டிரைவர் கேபின் பெரும்பாலும் கம்பெனியிலேயே வந்துவிடுகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். ராஜாக்கள் காசு கொட்டிப் பாடி கட்டிய அந்த வண்டிகளில்கூட அது கிடையாது.