மேலிருந்து பார்க்கும் மரம்

வீடு கட்டுகிறவருக்கு வரைபடம் எளிதில் புரிவதில்லை. எது சுவர், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையே விரல் வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அதனால் பல கட்டடக் கலைஞர்கள் இப்போது கோட்டுப் படத்தோடு நிறுத்துவதில்லை. கூரையை எடுத்துவிட்டு நேர் மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி, கட்டிலின் மரமும் சோபாவின் துணியும் தெரிய, ஒரு வண்ணப் பிளானையும் கையில் கொடுக்கிறார்கள். அந்தப் படங்களைச் செய்கிறவர்களைப் பார்க்கத்தான் கோவைக்குப் போனேன்.

காந்திபுரத்துக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு சின்ன அலுவலகம். ஜன்னல்களுக்குக் கனத்த திரை போட்டிருந்தார்கள். வெயில் மானிட்டரில் விழுந்தால் நிறம் ஏமாற்றிவிடுமாம். சுவரோரம் லேமினேட், வெனீர் மாதிரித் துண்டுகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. வேலை செய்கிறவர்கள் எல்லோருமே இளைஞர்கள். மூத்தவராகத் தெரிந்த பெண்ணை மற்றவர்கள் அக்கா என்று கூப்பிட்டார்கள். நான் பெரும்பாலும் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று காலை ஒரு கட்டடக் கலைஞரிடமிருந்து வந்திருந்த கோப்பைத் திறந்தார். மூன்று படுக்கையறை வீடு. தரையில் டைல்ஸ் இருந்தது, சுவரில் நிறம் இருந்தது. மேசை, நாற்காலி, பீரோ எல்லாம் ஒரே சாம்பல் நிறம். “முக்கால்வாசி இப்படித்தாங்க வரும். அவங்க கம்ப்யூட்டர்ல அழகாத்தான் இருந்திருக்கும்” என்றார்.

அவங்க கம்ப்யூட்டரில் இருந்தது இங்கே ஏன் இல்லை? த்ரீடி மேக்ஸ் மென்பொருளில் மரம் கோப்புக்குள் இருப்பதில்லை. மரத்தின் புகைப்படம் தனியாக ஒரு ஃபோல்டரில் கிடக்கும். கோப்பு அதன் முகவரியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும். ஃபோல்டரை விட்டுவிட்டுக் கோப்பை மட்டும் அனுப்பினால் மரம் வழியிலேயே தொலைந்துபோகிறது. ரெவிட்டில் நடப்பது வேறு. நாற்காலிக்கென்று மெட்டீரியல் குறிக்காமல் விட்டால், ஃபர்னிச்சர் என்ற மொத்த வகைக்கு வைத்திருப்பதை அது எடுத்துக்கொள்ளும். அங்கும் ஒன்றும் இல்லையென்றால் சாம்பல்தான். ஸ்கெட்ச்அப்பில் உள்ளே ஒவ்வொரு முகத்துக்கும் ஏற்கெனவே நிறம் கொடுத்திருந்தால், வெளியிலிருந்து எத்தனை முறை பூசினாலும் ஒட்டாது. ஒவ்வொரு கோப்பிலும் நோய் எங்கே என்று முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். அக்கா ஒரு நாற்காலியைத் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறார். அவசரக்காரர்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே தேக்கு நிறத்தைப் பூசிவிடுவதும் உண்டு. இவர்கள் அப்படிச் செய்வதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இந்த அலுவலகத்தின் மேல் மதிப்பு வந்துவிட்டது.

பரப்பின் மேல் படத்தை ஒட்டும் இந்த உத்தியை எட்வின் கேட்மல் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1974இல் எழுதிய ஆய்வேட்டில் விளக்கினார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அடிப்படை அதேதான்: எந்தப் படம், எவ்வளவு பெரிதாக, எந்தத் திசையில் என்று யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். இரண்டு அடி அகலமுள்ள மரத்தின் புகைப்படத்தை ஆறு அடி மேசைக்கு இழுத்தால் ரேகைகள் மும்மடங்கு தடித்துவிடும். சாப்பாட்டு மேசையில் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால், ஆசாரி ஒருவர் அதைப் பார்த்த உடனேயே பலகையை எப்படி அறுத்தார்கள் என்று கேட்பார்.

இதில் ஒரு சிக்கலை அக்கா காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். பிளானை 1:50 அளவில் அச்சடிக்கிறார்கள். ஆறு அடிக் கட்டில் காகிதத்தில் மூன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தால் ஒரு புள்ளிக்குள் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் நிஜ மரம் அடங்கிவிடுகிறது. தேக்கின் ரேகையோ அதைவிட மெல்லியது. அளவைச் சரியாக வைத்தால் ரேகையெல்லாம் கரைந்து கட்டில் வெறும் பழுப்பாகத் தெரியும். பிரம்பு நாற்காலியின் பாடு இன்னும் மோசம். பின்னலின் கண்களும் புள்ளிகளும் ஒன்றோடொன்று மோதி, இல்லாத அலை ஒன்று படத்தில் எழும்பும்.

“ரேகையைப் பெருசு பண்ணிக் காட்டுன்னு கேப்பாங்க. பண்ணா படம் நல்லாருக்கும். ஆனா கட்டில் பொம்மைக் கட்டில் ஆயிடும்” என்றார். ரேகை தடிக்கத் தடிக்கப் பொருள் சிறியதாகத் தோன்றும் என்பது உண்மை. அளவுக்காகத்தான் பிளானே போடுகிறோம். அதில் அளவை ஏமாற்றுவது எனக்கும் சரியாகப் படவில்லை. அவர் செய்வது இது: ரேகையின் அளவைத் தொடுவதில்லை. பலகைக்குப் பலகை நிறத்தில் சின்ன ஏற்ற இறக்கம் வைக்கிறார். இரண்டு பலகை சேரும் இடத்தில் மெல்லிய நிழல் விழ விடுகிறார். ரேகையே தெரியாவிட்டாலும் கண் அதை மரம் என்று எடுத்துக்கொள்கிறது. பிரம்புக்குப் பின்னலை எடுத்துவிட்டு, அதன் சராசரி நிறத்தை மட்டும் கொடுக்கிறார்.

வெளிச்சம் அடுத்த தொல்லை. மெருகேற்றிய மேசையைச் சாய்வாகப் பார்த்தால் பளபளக்கும். நேர் மேலிருந்து பார்த்தால் மெருகுப் பூச்சு ஏறத்தாழ நூற்றில் நான்கு பங்கு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். கூடத்தில் நின்று எடுத்த படத்தில் மின்னிய அதே மேசை பிளானில் மங்கிக் கிடப்பது இதனால்தான். கூரை வேறு இல்லாததால் வானத்து வெளிச்சமெல்லாம் உள்ளே கொட்டுகிறது. வெள்ளை மெத்தை ஒரேயடியாக வெளுத்து, மடிப்புகள் மறைந்துவிடும். அதனால் இங்கே யாரும் வெள்ளையை நிற அளவின் உச்சமான 255இல் வைப்பதில்லை, கீழே இறக்கித்தான் வைக்கிறார்கள்.

பிளானுக்காக ஊஞ்சல் செய்வதை அங்கே வேலை செய்யும் ஒரு தம்பி காட்டினார். ஆயத்த லைப்ரரிகளில் வெளிநாட்டு சோபாக்கள் ஏராளம். நம் வீட்டுக் கூடத்து ஊஞ்சலை அவர் தேடிய இடங்களில் காணவில்லை. ஒரு வீட்டுக்காரர் பரம்பரை ஊஞ்சலைப் புது வீட்டிலும் மாட்டப் போகிறார். புகைப்படத்தைப் பார்த்துப் பலகையையும் பித்தளைச் சங்கிலியையும் தம்பியே உருவாக்கினார். பலகை உடனே அமைந்துவிட்டது, பித்தளைதான் கறுத்துப்போனது. உலோகத்துக்குச் சொந்த நிறம் என்று தனியாக ஒன்று கிடையாது. சுற்றியிருப்பதைத் தன் சாயலில் திருப்பிக் காட்டுவதுதான் அதன் நிறம். சுற்றிலும் ஒன்றும் இல்லாத படத்தில் அது எதைக் காட்டும்? ஒரு அறையின் முழுச் சூழலையும் படமாகச் சுற்றி வைத்த பிறகுதான் மஞ்சள் வந்தது. அடுத்து, கூரையில்லாத வீட்டில் சங்கிலி எதில் தொங்கும் என்ற கேள்வி. சுவரை வெட்டிய உயரத்திலேயே சங்கிலியையும் வெட்டினார். மேலிருந்து பார்த்தால் பலகையின் நான்கு மூலையிலும் நான்கு மஞ்சள் பொட்டு. அந்த வீட்டுப் பெரியம்மா இதைப் பார்த்தால் ஊஞ்சல் என்று சொல்லிவிடுவாரா என்று என்னிடம் கேட்டார். நிச்சயம் சொல்லுவார் என்றேன். அவ்வளவு சரியாக இருந்தது.

ஒரு படத்துக்கு இவ்வளவு என்றுதான் இவர்களுக்குப் பணம். திருத்தங்களுக்குத் தனியாக எதுவும் வருவதில்லை. சோபா துணி ஆறு முறை மாறினாலும் அதே தொகைதான். பிளானின் மூலையில் கட்டடக் கலைஞரின் பெயர் இருக்கும், இவர்கள் பெயர் இருக்காது. இது மாற வேண்டும். வீட்டுக்காரர் காசு கொடுத்து மரம் வாங்கப்போவது இந்தப் படத்தை நம்பித்தான்.

சாயங்காலம் அக்கா ஒரு பிளைவுட் கடைக்குக் கிளம்பினார், நானும் கூடப் போனேன். கடைக்காரர் புதிதாக வந்த வெனீர்த் தாள் ஒன்றை வாசலில் நிழலில் விரித்து வைத்தார். வெயிலில் வைத்தால் படத்தில் ஒரு பக்கம் வெளுத்துவிடும். ஃபிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளை வட்டம் விழும். தாளின் ஓரத்தில் ஒரு அடி ஸ்கேலை வைத்து, கேமராவை நேர் மேலே பிடித்து அக்கா படம் எடுத்தார். ஸ்கேல் எதற்கென்று கடைக்காரர் கேட்டார். “எவ்வளவு மரம்னு அதுதாங்கண்ணா சொல்லும். இல்லாட்டி நாங்க குத்துமதிப்பா இழுத்துருவோம்.” நிறம் ஒத்துப்பார்க்க ஒரு துண்டும் வெட்டித் தரச் சொன்னார். கடைக்காரர் வெட்டி, பின்பக்கம் கம்பெனி எண்ணை எழுதிக் கொடுத்தார். ஆசாரி அதே எண்ணைச் சொல்லிக் கேட்டால் அதே தாளை எடுத்துத் தருவதாகவும் சொன்னார்.