உருகி

அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தான் உருகி அறுந்து இணைப்பைத் துண்டிக்கும் சிறு கம்பியை 'உருகி' என்று பாடநூல்கள் எழுதுகின்றன. வழக்கில் அது பியூஸ்தான். ஆயினும் அக்கலைச்சொல்லின் மீது எனக்கொரு பிரியம் உண்டு. இகர விகுதி பெற்று 'உருகுவது' என்னும் பொருளில் பெயராகவும் அது நிற்கும், வினையெச்சமாகவும் நிற்கும். எச்சமாகக் கொண்டால் ஒரு வினைமுற்றை வேண்டி நிற்கும். உருகி என்ன செய்தது? இதற்கான விடை எனக்கு என் அக்கா மகனின் காரில்தான் கிடைத்தது.

பழைய கார் ஒன்றை வாங்கியவன், அதன் பின்புறம் ஊஃபர் பெட்டியையும் 1000 வாட் ஆம்பிளிஃபயரையும் பொருத்தியிருந்தான். பழைய பாடல்கள் ஒலிக்கும்வரை தொல்லையில்லை. தாளம் இடைவிடாமல் அதிரும் பாடல்களில் மட்டும் பியூஸ் போயிற்று. இரண்டு முறை போனபின், "60 ஆம்பியரக் கழட்டிட்டு 100 போட்டுட்டேன் மாமா, இனிமே போகாது" என்றான். போகாது என்பதுதான் எனக்கு அச்சமூட்டியது. பேட்டரியிலிருந்து வரும் கம்பி, அவனுடைய மூன்று வயது மகள் அமரும் இருக்கைக்கு அடியில் செல்கிறது.

எங்கள் தெருமுனையில் வாகன மின்வேலை பார்க்கும் பெரியவரிடம் காரைக் கொண்டுபோனோம். அவர் முதலில் தொட்டுப் பார்த்தது கம்பியைத்தான். "பியூஸ் ஆம்புக்கு இல்ல தம்பி, கம்பிக்கு" என்றார். அந்த எட்டு சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 60 ஆம்பியரே தக்க காவல். மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். எங்கேனும் உறை தேய்ந்து கம்பி காரின் தகட்டைத் தொட்டுவிட்டால், பேட்டரி ஒரு கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். அதனால்தான் பியூஸைப் பேட்டரிக்கு அருகிலேயே, ஒன்றரை அடிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். அதற்கும் பேட்டரிக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காவல் கிடையாது. தீக்குச் 'சேர்ந்தாரைக்கொல்லி' என்றொரு பழம்பெயர் உண்டு. அங்கும் அதே இகர விகுதிதான்.

பியூஸ் தன் அளவைத் தாண்டிய கணமே அறுந்துவிடுவதுமில்லை. பத்து விழுக்காடு மிகுந்தால் மணிக்கணக்கில் தாங்கும். இருமடங்கானால் சில நொடிகளில் விடைபெறும். இடையிடையே வரும் முழக்கத்தை அது பொறுத்துக்கொண்டதும், ஓயாத முழக்கத்தில் உருகியதும் இதனால்தான்.

"கம்பிய மாத்திட்டா 100 போடலாம்ல?" என்றான் அவன். போடலாம். ஆனால் அப்போது கேள்வி ஆல்டர்நேட்டருக்குப் போய்விடுகிறது. நம் பட்டறைகளில் இன்றும் அதை 'டைனமோ' என்றே அழைக்கிறார்கள். அந்த ஆம்பிளிஃபயர் முழுத்திறனில் முழங்க ஏறத்தாழ 90 ஆம்பியர் வேண்டும். காரின் ஆல்டர்நேட்டரோ 70 ஆம்பியருடையது. அதுவும் எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான். சிக்னலில் நிற்கையில் இன்னும் குறைவு. முகப்பு விளக்கும் எஞ்சினின் தேவைகளும் போக மிஞ்சுவது சொற்பம்.

இங்கே ஒரு வேறுபாடு என்னைக் கவர்ந்தது. ஆல்டர்நேட்டர் பியூஸைப் போல் அறுத்துக்கொள்வதில்லை. தன்னால் இயன்றதைத் தருகிறது. அதற்குமேல் கேட்டால் மின்னழுத்தம் தாழ்கிறது. 14 வோல்ட்டுக்கு அருகில் இருந்தது 12க்கு இறங்கும். குறையைப் பேட்டரி ஈடுசெய்யும். ஒவ்வொரு அடிக்கும் முகப்பு விளக்கு மங்கி எரிவது இதன் அடையாளம். உள்ளே சுருள்களும் டையோடுகளும் சூடேறிக்கொண்டிருக்கும். பல மாதங்கள் கழித்து ஒருநாள் வண்டி கிளம்பாதபோதுதான் அது தெரியவரும். இப்படிப்பட்ட மனிதர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஏன், என் அக்காவே அப்படித்தான்.

விளக்கு மங்குவதற்குக் கெபாசிட்டர் மாட்டினால் போதும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு ஃபாரட் கெபாசிட்டர் 14.4 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்குகையில் தருவது 32 ஜூல்தான். 1,250 வாட் இழுக்கும் கருவிக்கு அது ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரத்துக்குக் காணும். சேமித்து வைத்ததைத் தரலாமேயன்றி, இல்லாததை அது உண்டாக்க முடியாது.

பெரியவர் 60 ஆம்பியர் பியூஸையே மீண்டும் பேட்டரியருகில் பொருத்தி, ஆம்பிளிஃபயரின் கெயினைக் குறைத்துவைத்தார். பெரிய ஆல்டர்நேட்டரும் தடித்த கம்பியும் வாங்கும்வரை இப்படியே ஓட்டுவதென்று முடிவாயிற்று. அவனுக்கு மனம் ஆறவில்லை. பழைய அதிர்வு இல்லை என்று முனகினான். கழற்றிய 100 ஆம்பியர் பியூஸை அவன் டேஷ்போர்டில் போடப் போனபோது கேட்டு வாங்கிக்கொண்டேன். அது இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.