இருட்டுக்கு ஆன செலவு

அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். விழுப்புரத்தில் எங்கள் தெருவில் கரண்ட் போனால் யாரும் ஆபீசுக்குப் போன் செய்யமாட்டார்கள், நேரே எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். 2003இல் அவர் சொசைட்டிக் கடன் போட்டு எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். இன்ஜினீயரிங் படிக்கிற பையனுக்கு அது இல்லாமல் ஆகாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். 1.7 கிகாஹெர்ட்ஸ் செலரான், 256 எம்பி ராம், கட்டிலில் பாதி இடத்தைக் கேட்கிற மாதிரி ஒரு குண்டு மானிட்டர்.

இரண்டு வருஷம் கழித்து அவரிடம் பொய் சொன்னேன். கடைசி வருஷப் புராஜெக்ட்டுக்கு ஒரு கார்டு வேண்டும், மூவாயிரத்துச் சொச்சம் ஆகும் என்றேன். என்ன கார்டு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அதைச் சொல்ல வாய்ப்பே தராமல் அவர் பணத்தை எடுத்துக் கொடுத்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

கார்டு டூம் 3 விளையாட. 2004 ஆகஸ்டில் வந்த ஆட்டம். 2145ஆம் ஆண்டில் செவ்வாய்க் கிரகத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் நரகத்தின் கதவு திறந்துகொள்ள, தனியாக மாட்டிக்கொண்ட சிப்பாய் நாம். ஹாஸ்டல் நண்பன் மூன்று சிடிக்களில் எழுதித் தந்தான். திருட்டுக் காப்பிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்சம் 384 எம்பி ராம் கேட்டது. அதன் உச்சபட்ச 'அல்ட்ரா' தரத்துக்குக் கிராபிக்ஸ் கார்டில் மட்டுமே 512 எம்பி இருக்க வேண்டுமாம். என் கம்ப்யூட்டரின் மொத்த நினைவகமே அதில் பாதி.

பாசஞ்சர் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போய் ஜீபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200 ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டில் பெட்டியைத் திறந்தால் அதைச் செருக இடமில்லை. மதர்போர்டு 845ஜிவி. அந்தச் சிப்செட்டுக்கு ஏஜிபி ஸ்லாட்டே கிடையாது. பூட்டிக் கொடுத்தவர் விலையைக் குறைக்க அதைப் போட்டிருக்கிறார், நாங்களும் விலை குறைவு என்றுதான் சந்தோஷப்பட்டோம். மறுநாள் மறுபடி ரயில். கடைக்காரர் கொஞ்சம் பிடித்தம் செய்துகொண்டு, அதே கார்டின் பிசிஐ வகையைத் தேடி எடுத்துத் தந்தார். ஏஜிபி 8எக்ஸ் ஸ்லாட்டில் நொடிக்கு ஏறத்தாழ 2,100 மெகாபைட் போகும். பிசிஐயில் 133, அதையும் மற்ற கார்டுகளோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நாற்கர சாலைக்காகச் செய்த லாரியைச் சந்துக்குள் ஓட்டுகிற கதை.

அன்றிரவு ஆட்டம் திறந்தது. 640க்கு 480, எல்லாத் தரமும் கடைசிப் படியில். ஒரு கட்டம் ஏறுவதற்குள் அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். ஆனால் விளையாடவிடவில்லை. இம்ப் என்கிற பூதம் கதவோரத்திலிருந்து பாய்வது ஐந்தாறு புகைப்படங்களாகத் தெரிந்தது. ஆறாவது படத்தில் நான் செத்திருப்பேன்.

ஏன் இப்படி என்பது பிறகுதான் புரிந்தது. அதற்கு முந்தைய ஆட்டங்களில் பெரும்பாலும் சுவர் வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்கிட்டுப் படமாக ஒட்டிவிடுவார்கள். டூம் 3க்கு எஞ்சின் எழுதிய ஜான் கார்மாக் அந்த வழியை விட்டுவிட்டார். விளக்கும் அது வீசும் நிழலும் ஆட்டத்தின் ஓட்டத்திலேயே கணக்கிடப்படும். தொங்கும் விளக்கு ஆடினால், அடியில் நிற்கும் பூதத்தின் நிழலும் சுவரில் ஆடும். அதற்குப் பிராசஸர் பூதத்தின் வெளிக்கோட்டைக் கண்டுபிடித்து, விளக்குக்கு எதிர்ப்பக்கமாக இழுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடாரம் அடிக்க வேண்டும். கூடாரத்துக்குள் அகப்பட்ட இடமெல்லாம் இருட்டு. ஓர் அறையில் மூன்று விளக்கு, நான்கு பூதம் என்றால் எத்தனை கூடாரம்! நம் ஊரில் வெளிச்சத்துக்குத்தான் பில் வரும். அந்த ஆட்டத்தில் இருட்டுக்குத்தான் செலவு.

நிழல்களை அணைக்க ஒரு வரிக் கட்டளை உண்டு. கன்சோலைத் திறந்து அதை அடித்தேன். பிரைட்னஸையும் கூட்டினேன். ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது என்று சொல்லமாட்டேன், நடந்தது. சுவர்கள் எல்லாம் சாம்பல் பூசிய மாதிரி வெளிறிப்போயின. நரகத்திலிருந்து வந்தவை டியூப்லைட் போட்ட ரேஷன் கடைக் குடோனில் மூட்டைக்குப் பின்னால் பதுங்கியிருந்தன. விளக்கே வைக்காத சில அறைகள் மட்டும் கருப்பாக மிஞ்சின. அங்கே டார்ச்சை எடுத்தாக வேண்டும். டார்ச்சை எடுத்தால் கையில் துப்பாக்கி இருக்காது.

இதில் ஒரு வேடிக்கை. ராம் பற்றாமல் எல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்த் திரும்பியதால், பல சமயம் பூதம் தோன்றுவதற்கு முன்னால் டிஸ்க் 'கரகர'வென்று அரைக்கும். திரையில் பயப்பட ஒன்றும் மிச்சமில்லாத நேரத்தில் அந்தச் சத்தம்தான் முதுகைச் சில்லிடவைத்தது. ஆட்டத்தை எழுதியவர்கள் கனவிலும் நினைத்திராத ஒரு திகிலைச் செலரான் எனக்கு இலவசமாகத் தந்தது.

ஒரு மழை இரவு, கம்பி அறுந்த இடத்தைச் சரிசெய்துவிட்டு அப்பா ஒரு மணிக்குத் திரும்பினார். மூடிவிட நேரமில்லை. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே என் பின்னால் வந்து நின்றார்.

"இதான் புராஜெக்ட்டா?"

"ஆமாம்ப்பா."

"நீயே செய்யறியா?"

இல்லை என்று சொல்ல அது சரியான இடம். நான் தலையை ஆட்டினேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன்டா, டார்ச்ச வச்சிட்டுத் துப்பாக்கிய எடுக்கறான், துப்பாக்கிய வச்சிட்டு டார்ச்ச எடுக்கறான். ரெண்டையும் சேத்துப் புடிக்கத் தெரியாதா இவனுக்கு?" கழுத்தைச் சாய்த்து, தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் டார்ச்சை இடுக்கிக்கொள்வதைச் செய்து காட்டினார். கம்பத்தில் ஏறினால் இரண்டு கையும் வேலைக்கு வேண்டும், டார்ச் இங்கேதான் என்றார். "இத மாத்தி எழுதிடு."

அந்த ஆட்டம் வந்த நாள் முதல் உலகம் முழுக்க விளையாடியவர்கள் கேட்ட கேள்வி அது. வெளியான சில நாட்களிலேயே யாரோ துப்பாக்கியில் டார்ச்சை டேப் போட்டு ஒட்டியதுபோல ஒரு மாற்றத்தை எழுதிப் பரவவிட்டார்கள். 2012இல் மறுபதிப்பு வந்தபோது கம்பெனியே டார்ச்சைக் கவசத்தில் மாட்டிவிட்டது. அந்த டேப் ஒட்டும் கோப்பை ஒரு வாரத்தில் பிடித்து, நானே எழுதியதாக அப்பாவிடம் காட்டினேன். அடுத்த நாள் செக்ஷன் ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய நண்பர்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். என் உண்மையான புராஜெக்ட் நூலக மேலாண்மை மென்பொருள். நான்கு பேர் சேர்ந்து, சீனியரிடம் வாங்கி, பெயர் மாற்றிக் கொடுத்தோம்.

அப்பா ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. போன பொங்கலுக்கு அக்கா மகன் போனில் ஏதோ சுட்டுக்கொண்டிருந்தான். "உங்க மாமா காலேஜ்லயே இந்த மாதிரி செஞ்சிருக்கான். டார்ச் ஐடியா என்னுது" என்றார். பையன் விடவில்லை, காட்டு காட்டு என்றான். என் லேப்டாப்பில் டூம் 3 இருக்கிறது, இந்த முறை காசு கொடுத்து வாங்கியது. எல்லா நிழலும் எரிகிறது, ஃபேன் சத்தம்கூட எழுவதில்லை. தாழ்வாரத்தின் கோடியில் ஒரு விளக்கு ஆட, சுவர் முழுக்கக் கருப்பு ஏறி ஏறி இறங்கியது. பையன் என் கையை இறுக்கிக்கொண்டான்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

"என்னடா, கரண்ட் போன மாதிரி கெடக்கு? அன்னைக்கு நல்லா பளிச்சுனு இருந்துதே. கெடுத்துட்டியா?"

"ஆமாம்ப்பா" என்றேன்.