பலகை குடிக்கும் தண்ணீர்

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு வாசற்கதவு மூடாது. மழை ஈரத்தில் மரம் உப்பி, நிலையில் இடித்துக்கொண்டு நிற்கும். போன வருஷம் என் பேரன் ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டான். இழைப்புளியோடு வந்தவரைத் திண்ணையில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, பழங்கதை பேசி அனுப்பிவைத்தேன். பேரனுக்குக் கோபம். "தை பொறக்கட்டும்ல, அதுவே அடங்கும்" என்றேன். இப்போது இழைத்துவிட்டால், சித்திரை வெயிலில் மரம் சுருங்கி, கதவுக்கும் நிலைக்கும் நடுவே பல்லி தாராளமாகப் போய்வரும். மரத்தைப் பற்றி இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவு கொஞ்சநஞ்சமில்லை. அதில் பெரும்பங்கை வேறொருவர் கொடுத்தார்.

1968. எனக்குப் பதினேழு வயது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு காலை வாரிவிட்டது. அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. மறுநாள் காலை கையைப் பிடித்து நடத்தி, தூத்துக்குடி கடற்கரையில் தோணி கட்டிக்கொண்டிருந்த ஒரு தளத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே மூத்த ஓடாவி, அதாவது தோணித் தச்சர், ஒருவர். எழுபதை நெருங்கும் வயது, வெற்றிலைச் சாறு ஊறிய வாய். எல்லோருக்கும் அவர் தாத்தாதான். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "பய கோணலாத்தான் இருக்கான். வங்குக்கு ஆவான், விட்டுட்டுப் போங்க" என்றார்.

அவமானப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அது பாராட்டில் சேர்த்தி என்று புரியச் சில மாதங்கள் ஆயின. தோணிக்கு நேர்மரம் பலகைக்குத்தான் வேண்டும். விலா எலும்பு மாதிரி உள்ளே நிற்கிற வங்குக்கால்களுக்கு, பிறவியிலேயே வளைந்த மரம் வேண்டும். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுந்து பலம் போய்விடும். அதனால் தாத்தா கண்மாய்க்கரைகளில் அலைந்து, யாரும் சீந்தாத கோணல் கருவேல மரங்களாகப் பார்த்து அடையாளம் வைத்துவிட்டு வருவார். எந்தக் கிளை தோணியின் எந்த இடத்துக்கு என்பதெல்லாம் அவர் மனதிலேயே இருக்கும். காகிதத்தில் வரைபடம் என்று ஒன்றை அந்தத் தளத்தில் நான் பார்த்ததே இல்லை.

அந்தக் காலத் தூத்துக்குடியை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். பெரிய துறைமுகம் 1974-இல்தான் திறந்தது. அதற்கு முன்னால் கரையோரம் ஆழம் போதாமல் கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகுகள்தான் சரக்கை ஏற்றி இறக்கும். கொழும்புக்கு ஏறத்தாழ 150 கடல் மைல். வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு தோணிகள் பாய் விரித்துப் போகும். ஒரு தோணி கடலுக்குப் போக எத்தனை கைகள்! பாய் தைப்பவர், கயிறு திரிப்பவர், ஆணி அடித்துக் கொடுக்கும் கொல்லர், சரக்குக்குக் கணக்கு எழுதுபவர், எல்லோருக்கும் மேலே காற்றைப் பார்த்து நாள் சொல்லும் தண்டல். கச்சான் காற்று அடித்தால் தெருவே பேசாமல் உட்கார்ந்திருக்கும். காற்று திரும்பினால் டீக்கடையில் கடன் அடைபடும்.

என்னைச் சேர்த்தது கலப்பத்து வேலைக்கு. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, மொட்டை உளியால் அழுத்தி, கொட்டாப்புளியால் அடித்து இறக்குவதுதான் கலப்பத்து. அதற்குமேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். கேட்பதற்குச் சின்ன வேலை. கடலுக்கும் சரக்குக்கும் நடுவே இருப்பது அந்தப் பஞ்சுதான். முதல் ஆறு மாதம் நான் திரி மட்டுமே திரித்தேன். தொடையில் உருட்டி உருட்டி மயிரெல்லாம் உதிர்ந்துபோனது. உளியைத் தொட்டால், "கைய எடு" என்பார் தாத்தா.

மாலையில் வேலை முடிந்ததும் மணலில் உட்கார்ந்து கதை சொல்வார். அவருக்குப் பிடித்த கதை வல்வெட்டித்துறை அன்னபூரணி. அங்கே மரத்தில் கட்டிய அந்தப் பாய்க்கப்பல், தமிழ் மாலுமிகளோடு கடல்களைத் தாண்டி 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் பாதி பெருமை, பாதி பொறாமை. "நம்ம தோணி கொழும்பு போயி ஒழுங்கா திரும்பிட்டாப் போதும்ப்பா" என்று முடிப்பார்.

அடுத்த ஆடி மாதம். நூற்றைம்பது டன் தோணி ஒன்று முடியும் தறுவாயில் இருந்தது. பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5. அது முடிந்த கையோடு தோணியைக் கடலில் இறக்குவதாக முதலாளி நாள் குறித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தாத்தா காய்ச்சலில் படுத்தார். மூன்று நாள். எனக்கு அதற்குள் உளி பிடிக்க அனுமதி கிடைத்திருந்தது. என் கைவண்ணத்தைக் காட்ட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தோன்றிவிட்டது.

வலப்பக்கத்து அடிவயிற்றில் நான்கு இணைப்புகளை நான் ஒருவனாகவே அடித்தேன். ஒரு திரி போகிற இடத்தில் இரண்டு திரி. இனி இறங்காது என்று உளி எகிறிக் குதிக்கும்வரை அடித்தேன். இறுக்கமென்றால் அப்படி ஓர் இறுக்கம், குண்டூசி நுழையாது. பார்க்க வந்த முதலாளி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கெழவன விடப் பேரன் கெட்டி" என்று சொல்லி இரண்டு ரூபாய் கொடுத்தார். அன்றிரவு அந்த நோட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

நாலாம் நாள் தாத்தா கம்பூன்றி வந்தார். ஒன்றும் பேசாமல் கொட்டாப்புளியை எடுத்து என் இணைப்புகள் நெடுக மெல்லத் தட்டிக்கொண்டே போனார். அவர் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்ப்பது அதிகம்.

"சத்தம் செத்துக் கெடக்கேல. பிரிச்சு எடு."

"நல்லாத்தான தாத்தா இருக்கு? மொதலாளியே சொன்னாரு."

முதலாளியும் அங்கேதான் நின்றார். குறித்த நாள் தப்பிவிடும், பிரிக்கவேண்டாம் என்றார். தாத்தா என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. கொட்டாப்புளியை வைத்துவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

உருளைக்கட்டை போட்டு, வடம் பிடித்து, ஊரே இழுத்துத் தோணி தண்ணீரில் இறங்கியது. உள்ளே இறங்கிப் பார்த்த எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தாத்தாவும் மற்றவர்களும் அடித்த இணைப்புகள் எல்லாம் கசிந்தன. என் நான்கு இணைப்புகள் மட்டும் பொட்டுத் தண்ணீர் விடவில்லை! ஓடிப்போய்க் கரையில் நின்றவர்களிடம், தோணி ஒழுகுது, என் பக்கம் மட்டும் ஒழுகல என்று கத்தினேன். வயதானவர்கள் சிலர் சிரித்தார்கள். என் திறமையை மெச்சித்தான் சிரிக்கிறார்கள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். இன்று நினைத்தால் காது சுடுகிறது.

புதுத் தோணி ஒழுகத்தான் செய்யும். ஆடிக் கச்சானில் மாதக்கணக்காக உலர்ந்து கிடந்த பலகை, கடலில் இறங்கியதும் தண்ணீர் குடிக்கத் தொடங்கும். குடித்துக் குடித்துப் பருக்கும். பருத்து, பஞ்சைத் தானே நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் இறைத்துக்கொண்டிருந்தால் கசிவு தானாகவே அடங்கும். பஞ்சு பாதி வேலையைத்தான் செய்கிறது, மீதியை மரம் செய்கிறது. நான் மரத்துக்கு வேலையே வைக்கவில்லை. அது பருக்க இடம் எங்கே? உள்ளே இடமில்லாத பலகை வெளியே தள்ளும். ஆணியைப் பிடுங்கிக்கொண்டு தள்ளும்.

ஐந்தாம் நாள் இரவு தள்ளியது. மற்ற இடமெல்லாம் காய்ந்துவிட்டிருந்தது. என் இணைப்பில் பலகையின் ஓரம் எழும்பி, கசிவாக இல்லாமல் ஊற்றாகவே தண்ணீர் வந்தது. தோணியில் படுத்திருந்த தண்டல் எண்ணெயில் நனைத்த சாக்கை அழுத்தி, கட்டையை முட்டுக்கொடுத்து, விடியும்வரை ஆட்களோடு இறைத்திருக்கிறார். சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் நடந்தது எங்கள் அதிர்ஷ்டம். நடுக்கடலில் நடந்திருந்தால் என்று நினைத்து நான் விழித்துக் கிடந்த இரவுகள் உண்டு.

காலையில் முதலாளி வந்தார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "யாரு அடிச்ச கலப்பத்து இது?"

நான் பத்தடி தள்ளி நின்றேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தாத்தாதான் சொன்னார்: "என் தளத்துல நடந்த வேல. நான் அடிச்சதுன்னு வச்சுக்கிடுங்க."

அவருடைய ஒரு மாதக் கூலியை முதலாளி பிடித்துக்கொண்டார். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. கலப்பத்தை இறுக்கி அடித்தது அறியாமை, அதை மன்னித்துவிடலாம். அன்று நின்ற நிற்பு அப்படிப்பட்டதில்லை.

தோணியை ஆழமில்லாத இடத்துக்குக் கொண்டுவந்து ஒருபக்கமாகச் சாய்த்தார்கள். நான்கு இணைப்புகளையும் நான் ஒருவனே பிரிக்க வேண்டும் என்று மட்டும் தாத்தா சொன்னார். கொக்கியால் பஞ்சைக் கீறிக் கீறி எடுத்தேன். பதினொரு நாள் ஆயிற்று. அடிப்பது இரண்டு நாள் வேலையாக இருந்தது. பஞ்சு வெளியே வந்த இடத்தில் பலகையின் ஓரம் நசுங்கி நார் நாராகக் கிடந்தது. தாத்தா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதை விரலால் தடவினார், புண்ணைத் தடவுவதுபோல.

"மரம் குடிக்கதுக்கு எடம் விடணும்ல" என்றார். அவ்வளவுதான். அதற்குப்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் போய்ச்சேர்ந்தார். அவருடைய மொட்டை உளி என்னிடம் வந்தது.

பிற்பாடு காலம் வேகமாக ஓடிவிட்டது. இலங்கையில் 1983-இல் நடந்த கலவரத்துக்குப் பிறகு கொழும்பு வியாபாரம் முன்போல இல்லை. பாய் போய் எஞ்சின் வந்தது. நான் சில காலம் கண்ணாடியிழைப் படகு செய்யும் இடத்தில் வேலை பார்த்தேன். அது தண்ணீர் குடிக்காது, பருக்காது, சுருங்காது. வேலை சுத்தம். ஆனால் தட்டினால் பேசாது. இன்றைக்கும் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு மரத்தோணிகள் போகின்றன. அந்தப் பக்கம் நடந்தால் கொட்டாப்புளிச் சத்தம் கேட்கிறதா என்று காது தானாகத் தேடும்.

கற்றதை மரத்தோடு நிறுத்திக்கொண்டதுதான் என் புத்தி. என் மகள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனாள். நாளைக்கு மூன்று முறை போன் போடுவேன். சாப்பிட்டியா, யாரோட போனே, எத்தனை மணிக்கு வந்தே. ஒரு நாள் அவள் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. நான் பதறிப்போய் பஸ் ஏறக் கிளம்பினபோது என் மனைவி வாசலில் நின்று சொன்னாள்: "பஞ்ச அளவுக்கு மேல அடிச்சிட்டீக. கொஞ்ச நாளு ஒழுகட்டும், விடுங்க." கலப்பத்துக்காரன் பெண்டாட்டி! பத்து நாள் நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். பதினொன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல ஒன்று பாக்கி இருக்கிறது. 1990 வாக்கில் அவரைக் கடற்கரைச் சாலை டீக்கடை ஒன்றில் பார்த்தேன். தோணிகளையெல்லாம் விற்றுவிட்டிருந்தார். கை நடுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து, இருபது வருஷத்துக்கு மேல் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன். அந்தக் கலப்பத்து நான் அடித்தது மொதலாளி என்றேன்.

அவர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டே, "தெரியும்" என்றார். "ரெண்டு ரூவா குடுத்தது நாந்தானே. மறந்துருவனா?"

எனக்குப் பகீரென்றது. இத்தனை வருஷமும் இந்தச் சின்னக் கணக்கு என் மண்டையில் ஏறவே இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் என்னை நிறுத்திவைத்தவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

"பொறவு ஏன் தாத்தா கூலியப் பிடிச்சீங்க?"

"பிடிக்காம விட்டா, நீரு சொன்னத நான் நம்பலன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிரும்ல? நம்பலன்னா ஒன்ன வெளிய அனுப்பணும். அதுக்குத்தான அவரு அப்படிச் சொன்னாரு."

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். கச்சான் எழும்பிக்கொண்டிருந்தது. பிறகு கடைக்காரரிடம் எனக்கும் ஒரு டீ சொன்னார்.