தார்ப்பாய்க்குள் நிற்கும் கார்

கொஞ்ச நாளாக நம்மூர்ப் பாதைகளில் ஒரு மாற்றத்தை நீங்களும் கவனித்திருப்பீர்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு மோரிஸ் மைனர் வருகிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கடற்கரை வீதியில் பச்சை நிற ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஒன்று மெதுவாகப் போகிறது, பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறார்கள். கட்டாரிலிருந்து லீவில் வந்த தம்பிமார் புதுக் கார் விலை கேட்பதை விட்டுவிட்டு, "வாப்பாட பழைய காரத் திருத்தித் தருவீங்களா?" என்று கராஜ் வாசலில் நிற்கிறார்கள். இதை வெறும் ஸ்டைல் என்று ஒதுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. இதற்குள் நம் பணமும் இருக்கிறது, நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

முதலில் பணத்தைப் பேசுவோம். டொலர் தட்டுப்பாட்டால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்தும் என்ன? சுங்கத் தீர்வை, அதன்மேல் மேலதிகக் கட்டணம், உற்பத்தி வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 வீத பெறுமதி சேர் வரி என்று அடுக்கினால், சம்பளக்காரருக்குப் புதுக் கார் கண்ணால் பார்க்கும் பொருளாகவே இருக்கிறது. மிச்சமிருக்கும் வழி லீசிங். மாதம் பிறந்தால் சம்பளம் வீட்டுக்கு வரும் முன்பே தவணைக்குப் போய்விடுகிறது. இரண்டு மாதம் தவறினால் வாகனம் முற்றத்திலிருந்து போய்விடும், கட்டிய காசும் அதோடு போய்விடும். 

பழைய காரைத் திருத்துவது மலிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதில் உள்ள வசதி வேறு. கையில் காசு வரும்போது வேலை செய்யலாம், வராதபோது நிறுத்தி வைக்கலாம். இந்தப் பெருநாளுக்கு டிங்கர் வேலை, அடுத்த போகம் நெல் விற்றதும் எஞ்சின், அதற்குப் பிறகு பெயின்ற். தாமதமானால் யாரும் வந்து தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள்.

இந்தக் கார்கள் இவ்வளவு காலம் இந்த நாட்டில் தங்கியதற்கும் இதே போன்றதொரு காரணம்தான். 1960களில் வெளிநாட்டுச் செலாவணி இல்லாமல் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை பெரும்பாலும் அதே கதைதான். புதிது வராத காலத்தில் பழையதைத் திருத்தித் திருத்தி ஓட்ட நம்மவர்கள் பழகிக்கொண்டார்கள். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். அந்தக் காலத்து எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அது முடிந்தது. இன்றைய காரில் அதைச் செய்து பார்த்தால் எஞ்சினையே மாற்ற வேண்டி வரும்.

மோரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார். பத்து லட்சம் விற்பனையான முதல் பிரித்தானியக் கார் அதுதான். 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் பிற்காலத்தில் அதற்கான தகடுகளும் உதிரிப் பாகங்களும் நம் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. காரைச் செய்த நாட்டுக்கே நம் ஆட்களின் கைவேலை கப்பலேறிப் போனது. இதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருக்கிறோம்?

பிள்ளைகள் என்றதும் நாங்கள் சொல்ல வந்த முக்கியமான விடயத்துக்கு வருகிறோம். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்பது. வகுப்பில் தசமம் என்றாலே தலையைக் குனிந்துகொள்ளும் ஒரு பிள்ளை. பாடசாலை விட்டால் கராஜில் நிற்பான். ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது மைனரின் வால்வு இடைவெளி சரிபார்த்துக்கொண்டிருந்தான். கையில் பீலர் கேஜ்.

"எவ்வளவு வைக்கிறீங்க தம்பி?" என்று கேட்டோம்.

"பன்னிரண்டு தௌ, சேர்."

"தௌ எண்டா என்ன?"

"அங்குலத்த ஆயிரமாப் பிரிச்சா அதுல ஒரு துண்டு, சேர். பன்னிரண்டு துண்டுக்கு மேல போனா டப்பெட் சத்தம் போடும். குறைஞ்சா வால்வு கருகிப் போகும்."

0.012 என்று கரும்பலகையில் எழுதினால் அவனுக்கு அது வெறும் புள்ளியும் சுழியும். கராஜில் அது விரல் நுனியில் உணரும் தடிப்பு. அதற்குப் பிறகு வகுப்புக்கு ஒரு பீலர் கேஜ் கொண்டுபோனோம். தசமம் படிப்பிக்க அதைவிட நல்ல கருவி இன்னும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. டைனமோ, கோயில், பொயின்ற், காபரேட்டர் எல்லாம் மூடியைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரியும். எது எதை இயக்குகிறது என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கலாம். இன்றைய காரில் போனெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடி. அதற்கு மேல் ஸ்கேனர் சொல்வதுதான் வேதவாக்கு.

ஆனால் சொல்லித் தருகிற கைகள் குறைந்துகொண்டு வருகின்றன. நம் பக்கத்தில் பழைய கார் எஞ்சினைச் சத்தத்தை வைத்தே நோய் சொல்லும் மெக்கானிக்மார் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். தகட்டை மரச் சுத்தியலால் தட்டி வளைவு எடுக்கும் டிங்கர் பாஸ்மார் அதைவிடக் குறைவு. அவர்களின் மக்கள் வெளிநாட்டில். "எனக்குப் பொறகு இந்த ஆயுதமெல்லாம் இரும்புக் கடைக்குத்தான் மகன்" என்று ஒரு காக்கா சொன்னார். அவர் கவலைப்பட்டுச் சொல்லவில்லை, நடக்கப்போவதைச் சொன்னார். எங்களுக்குத்தான் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். காரைப் பார்க்கும் முன் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் அதோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாற்றினாலும் நிறம் மாற்றினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். ஸ்ரீ இலக்கத் தகடு இருக்கிறது என்ற ஆசையில் புத்தகம் இல்லாத காரை வாங்கிவிட்டுத் திரிபவர்கள் உண்டு. (அந்த ஒற்றை எழுத்துக்காக 1958இல் இந்த நாட்டில் எவ்வளவு நடந்தது என்பது தனிக் கதை.)

அடுத்தது கறள். நம்முடையது கடற்கரை ஊர், உப்புக் காற்று. மைனருக்குத் தனியான செசி இல்லை. தரைத் தகடும் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியும்தான் அதன் முதுகெலும்பு. அங்கே ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, புட்டிதான் இருக்கிறது. மேலே பெயின்ற் எவ்வளவு மினுங்கினாலும் அந்தக் கார் வேண்டாம்.

பிறகு பாதுகாப்பு. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எயார் பேக் இல்லை, பெரும்பாலானவற்றில் சீற் பெல்ற்றும் இல்லை. பெல்ற் பூட்டுங்கள், பிரேக்கை முழுதாகப் புதுப்பியுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும், அந்தத் தூசியை வாயாலோ காற்றாலோ ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். எஞ்சின் இறக்கும்போது வால்வு இருக்கைகளையும் பாருங்கள். அவை ஈயம் கலந்த பெற்றோலை நம்பிச் செய்யப்பட்டவை, அந்தப் பெற்றோல் இப்போது இல்லை. கடினமான இருக்கை போட்டால் கவலை இல்லை. தினமும் தூரம் ஓடுபவருக்கும், கைக்குழந்தையோடு மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் அலைபவருக்கும் இது ஏற்ற வாகனம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். புகையும் புதுக் காரைவிடக் கூடத்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பின்வளவில் தார்ப்பாய்க்குள் ஒரு கார் நின்றால், இரும்புக்காரனைக் கூப்பிடும் முன் ஊரில் உள்ள ஒரு பழைய பாஸைக் கூட்டிவந்து காட்டுங்கள். திருத்த முடிவெடுத்தால் வேலை நடக்கும் இடத்தில் ஓ.எல். எழுதிவிட்டுச் சும்மா நிற்கும் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள், கூலியும் கொடுங்கள். வேலை பழகியவுடன் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தர நாங்கள் ஆயத்தம். பாடசாலை விட்டதும் எந்த நாளும் வரலாம். காருக்கு இன்னும் பத்து வருடம் காத்திருக்கத் தெரியும், அந்தக் காக்காமாருக்கு அவ்வளவு காலம் இல்லை.